கம்பி தெரிந்த ஊருக்கு ஒரு படகு வந்தது

2024 டிசம்பர் 19. முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு பெரிய மரப்படகு தள்ளாடிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கத்துக் கடலில் அப்படியொன்றைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு முதலில் வரும் நினைப்பு இந்திய றோலர் என்பதுதான். வந்தால் கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் மீன் இல்லை, வலை இல்லை. தட்டு முழுக்க மனிதர்கள். குழந்தைகள், பெண்கள், வெயிலில் கறுத்து உதடு வெடித்த ஆண்கள். பேசுவது தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. மியன்மாரின் ரோஹிங்கியா மக்கள். வழியில் சிலர் இறந்துபோனதாகத் தப்பி வந்தவர்கள் பிறகு சொன்னார்கள். கரையிலிருந்து தண்ணீரும் உணவும் போனது. யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

கடற்படையின் முதல் கணக்கில் 102 பேர். அதில் 25 சிறுவர், 30 பெண்கள். பின்னர் எண்ணியபோது தொகை கூடியது. படகைத் திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். ஓட்டிவந்தவர்கள் என்று 12 பேரைப் பிரித்து விளக்கமறியலில் வைத்தார்கள். மற்றவர்களைத் தற்காலிகமாக ஒரு பாடசாலையில் இருத்தினார்கள். அடுத்தது மிரிஹான குடிவரவுத் தடுப்பு முகாம் என்று பேச்சு அடிபட்டது. கடைசியில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவு விமானப்படை முகாம்.

இடம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நந்திக்கடலின் ஒரு கரை முள்ளிவாய்க்கால். மறுகரையில் வற்றாப்பளை, கேப்பாப்புலவு. திருகோணமலை வரைக்கும் சுற்றி, தாங்கள் முதலில் கண்ட கரைக்கு நேர் எதிர்க்கரையில் கம்பிக்குள் வந்து இருந்திருக்கிறார்கள் அந்த மக்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்த எங்களுக்குத்தான் அது குத்துகிறது.

ஏனென்றால் கேப்பாப்புலவு சும்மா ஒரு ஊர்ப்பெயர் இல்லை. 2012 செப்டம்பர் 24ஆம் திகதி, போர் முடிவில் வன்னி மக்களை அடைத்து வைத்த செட்டிகுளம் மெனிக் பாமிலிருந்து கடைசித் தொகுதியாக 1,160 பேர் வெளியேறினார்கள். மூன்று வருடத்துக்கு மேலாகக் கம்பிக்குள் இருந்த முகாம் அன்றோடு மூடப்பட்டது. அந்தக் கடைசித் தொகுதியில் 110 குடும்பங்கள், 346 பேர், கேப்பாப்புலவைச் சேர்ந்தவர்கள். முகாம் மூடியும் அவர்களால் வீட்டுக்குப் போக முடியவில்லை. வீடும் வளவும் படையிடம். சீனியாமோட்டையில் காடு வெட்டிய அரச காணியில் கொண்டுபோய் இறக்கி, அதற்கு ‘மாதிரிக் கிராமம்’ என்று பெயரும் வைத்தார்கள். 2017 ஜனவரி கடைசியில் பக்கத்துப் பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணியைக் கேட்டு அதே விமானப்படை முகாமுக்கு முன்னால் தெருவில் குந்தினார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஒரு மாதம் அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, மார்ச் முதலாம் திகதி காணியைத் திருப்பி வாங்கினார்கள். அந்தக் கேற்றுக்கு உள்ளேதான் பிறகு மியன்மாரின் அராகனில் காணி இழந்தவர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

இந்தக் கட்டுரை ரோஹிங்கியாக்களை வரவேற்க வேண்டுமா வேண்டாமா என்பது பற்றியது இல்லை. கடவுச்சீட்டில்லாமல் கடலால் வந்த ஒரு ஆளை, அவர் யார், ஏன் வந்தார் என்று விசாரித்து முடிக்கும்வரை அரசாங்கம் எங்கே வைத்திருக்கலாம் என்பது பற்றியது. பூட்டி வைப்பதைத் தவிர வேறு வழி உண்டா? உலகம் முழுக்க இதற்கு மாநாடு போடுகிறார்கள். வன்னியில் இருக்கும் யாரையாவது கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். அடைப்பு என்றால் என்ன என்பதும் எங்களுக்குத் தெரியும். அடைக்காமல் வைத்திருப்பது எப்படி என்பதும் தெரியும்.

‘தடுப்பால வந்தவர்’

எங்கள் பக்கத்தில் ‘தடுப்பு’ என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. ‘அவர் தடுப்பால வந்தவர்’ என்றால் 2009க்குப் பிறகு புனர்வாழ்வு என்று கொண்டுபோகப்பட்டு வந்த முன்னாள் போராளி என்று அர்த்தம். சம்பந்தம் பேசும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லப்படும் சொல் அது. வேலைக்கு ஆள் எடுக்கிறவரும் அதைக் கேட்பார். உள்ளே இருந்த காலம் ஒரு வருடமோ இரண்டு வருடமோ. வெளியே வந்த பிறகு அது பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும் காலத்துக்குக் கணக்கில்லை.

மெனிக் பாமை யாரும் ‘தடுப்பு’ என்று சொல்வதில்லை. அரச கடதாசியில் அது ‘நலன்புரி நிலையம்’. உச்சக்கட்டத்தில் 2,25,000 பேர் அங்கே இருந்தார்கள். இராமநாதன், அருணாசலம், கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி என்று வலயங்களுக்குப் பெரியவர்களின் பெயர். சனம் சொன்னது ‘சோன் ரூ’, ‘சோன் ஃபோர்’. பார்க்க வந்த உறவினர் கம்பிக்கு வெளியே. உள்ளே இருப்பவரின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள். அவர் கூடாரங்களுக்கு நடுவால் ஓடிவந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துபோகும். வந்து சேர்ந்தாலும் ஒரே நேரத்தில் நூறு பேர் கத்திப் பேசுவதில் யார் செத்தார், யார் இருக்கிறார் என்பதைக் கைச்சைகையில்தான் கேட்க வேண்டும். 2009 ஆகஸ்டில் மழை பெய்து கூடாரங்களுக்குள் வெள்ளம் ஏறியபோதும் கேற் பூட்டியபடிதான் இருந்தது.

இந்த மக்கள் எந்தக் குற்றத்துக்கும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படாதவர்கள். இந்த நாட்டின் பிரஜைகள். அவர்களுக்குள் புலிகள் ஒளிந்திருக்கலாம், பிரித்தெடுக்க வேண்டும் என்பதுதான் அரசாங்கம் சொன்ன காரணம். அந்தச் சந்தேகம் முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாருங்கள், மாற்று வழி அந்தக் கம்பிக்கு வெளியிலேயே பையோடு நின்றுகொண்டிருந்தது. வவுனியாவில் அக்கா, மன்னாரில் மாமா, யாழ்ப்பாணத்தில் பெரியம்மா என்று உறவில்லாத குடும்பம் எத்தனை இருந்திருக்கும்? ‘எங்கட ஆக்களை எங்களிட்ட விடுங்கோ, நாங்கள் பார்க்கிறம், கூப்பிட்டால் கொண்டுவந்து விடுறம்’ என்பதுதான் வெளியே நின்றவர்களின் ஒரே கோரிக்கை. முதியவர்களை அப்படித்தான் முதலில் உறவினரிடம் விட்டார்கள். மற்றவர்களுக்கு 2009 டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து பாஸ் எடுத்துப் போய்வர அனுமதி கிடைத்தது. அப்போதும் உள்ளே ஒரு இலட்சத்துக்கு மேல். பாஸில் போனவர்களில் குறித்த நாளில் திரும்பி வந்தவர்களும் உண்டு, உறவினர் வீட்டிலேயே இருந்துகொண்டவர்களும் உண்டு. அதனால் நாட்டுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. டிசம்பரில் செய்ய முடிந்ததை ஜூனில் ஏன் செய்ய முடியவில்லை என்ற கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் வரவில்லை.

பாஸ் என்ற துண்டு

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லாமல் போனால் நான் பாதி உண்மையைத்தான் எழுதியவன் ஆவேன். ‘தடுப்புக்கு மாற்று’ என்று கருத்தரங்குகளில் அடுக்குவார்கள்: முகவரிப் பதிவு, குறித்த நாளில் பொலிஸில் கையெழுத்து, பிணைக்கு ஒரு ஆள், நடமாட்டத்துக்கு எல்லை. வாசிக்கும்போது எனக்கு வவுனியாதான் கண்ணில் வரும். தொண்ணூறுகளில் வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்த எல்லோரும் இவற்றில்தான் வாழ்ந்தார்கள். பூந்தோட்டத்திலும் வேப்பங்குளத்திலும் முகாம். நகரத்துக்குள் போக ஒரு பாஸ், தங்க இன்னொரு பாஸ், கொழும்புக்குப் போக வேறொன்று, அதற்குப் பிணை நிற்க ஒரு ஆள். மறுபக்கம் வன்னியை விட்டு வெளியேறப் புலிகளிடமும் பாஸ்தான்; அங்கேயும் ஆள்பிணை. இரண்டு அரசாட்சியும் அடித்துக்கொண்ட காலத்தில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே மாதிரி யோசித்தார்கள்.

எங்கள் வீட்டில் பழைய வங்கிப் புத்தகத்துக்குள் அப்படியொரு துண்டு இன்னும் கிடக்கிறது. பள்ளிக்கொப்பித் தாளின் கால்வாசி அளவு. மடித்து மடித்து நடுவில் கிழிந்து, பின்பக்கம் ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறது. முத்திரையின் ஊதா மை எழுத்துக்கு மேலே பரவிப் பெயரில் பாதி தெரியாது. காரணம் என்ற இடத்தில் ‘வைத்தியம்’. அம்மாவுக்கு அன்று நோய் எதுவும் இருக்கவில்லை. அக்காவின் பிள்ளையைப் பார்க்கப் போனவ. பிள்ளையைப் பார்க்க ஆசை என்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

ஆகவே மாற்று என்று சொல்லிக்கொண்டு கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டுக் கட்டுவதும் நடக்கும். தமிழ்நாட்டில் இதன் இரண்டு முகத்தையும் பார்க்கலாம். 1983இலிருந்து போனவர்களுக்கு அங்கே நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள். 2021இல் அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். அவை பூட்டிய முகாம்கள் இல்லை. பெயின்ட் அடிக்கப் போகலாம், பிள்ளை கல்லூரிக்குப் போகலாம். ஆனால் கணக்கெடுப்பு நாளில் ஆள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயர் வெட்டுப்படும், உதவித்தொகை நிற்கும். நாற்பது வருடம் ‘தற்காலிகம்’. அதே மாநிலத்தில் திருச்சியில் ‘சிறப்பு முகாம்’ என்று இன்னொன்று. வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் அமைத்தது, மத்திய சிறை வளவுக்குள்ளேயே. ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த இலங்கையர் நால்வரும் சிறையிலிருந்து நேரே அங்கேதான் போனார்கள். அவர்களில் சாந்தன் ஊருக்கு வரக் காத்திருந்தபடியே 2024 பெப்ரவரி 28ஆம் திகதி சென்னை மருத்துவமனையில் இறந்தார். விடுதலை ஆனவரை வைக்கிற இடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

2022இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். பொருளாதாரம் விழுந்த அந்த மார்ச் மாதம் தனுஷ்கோடிக்கு முதல் போய் இறங்கிய 16 பேரைக் கடவுச்சீட்டுச் சட்டத்தில் வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தை வைத்திருந்தவர்களும் அதில். தமிழ்நாட்டு அரசாங்கம் தலையிட்டு, பிணையில் எடுத்து, மண்டபம் முகாமில் வீடு கொடுத்தது. பின்னால் மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் போனவர்கள் சிறை பார்க்காமல் நேரே மண்டபத்துக்குப் போனார்கள். சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை. கையாண்டவர்களின் மனம் மாறியது, அவ்வளவுதான்.

மடுவில் பூட்டு இருக்கவில்லை

இனி எங்கள் காட்டுக்கே வருவோம். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் மன்னார்ப் பக்கமிருந்து சனம் படகேறி இந்தியாவுக்கு ஓடியது. அந்த நேரத்தில் ஐ.நா. அகதிகள் நிறுவனமான யூ.என்.எச்.சி.ஆரின் கொழும்புப் பிரதிநிதி பில் கிளாரன்ஸ் ஒரு வழியைப் பிடித்தார். பேசாலையிலும் மடுத் தேவாலய வளவிலும் ‘திறந்த நிவாரண நிலையம்’. யார் வேண்டுமானாலும் வரலாம், எத்தனை நாளும் இருக்கலாம், சண்டை தணிந்தால் வீட்டுக்குப் போய் வயலைப் பார்த்துவிட்டு மறுபடி வரலாம். இராணுவமும் புலிகளும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என்று ஒன்றும் கிடையாது. இரு பகுதியும் அதை விட்டுவைத்தார்கள். கூடிய காலத்தில் முப்பதாயிரம் பேரளவில் மடுவைச் சுற்றிய பாலை, வீரை மரங்களுக்குக் கீழ் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தார்கள்.

மடுவைப் பொன்னுலகம் ஆக்க நான் வரவில்லை. மலேரியா இருந்தது. 1999 நவம்பரில் தேவாலய வளவுக்குள் எறிகணை விழுந்து தஞ்சம் புகுந்திருந்தவர்களில் நாற்பது பேரளவில் செத்தார்கள். திறந்த இடம் என்பதால் குண்டு திசை மாறுவதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு மடு தரும் பதில் தெளிவானது. பூட்டு இல்லாத இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வருடக்கணக்கில் ஒழுங்காக இருந்தார்கள். சாப்பாட்டு அட்டை இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, மாதா இருந்தா. ஓடிப்போவதற்குக் காரணம் இல்லாதபோது ஓடுகிறவர் யார்?

தூர தேசத்து ஆய்வுகளும் கடைசியில் வந்து நிற்பது இதில்தான். கனடாவில் ‘டொரொண்டோ பெயில் புரோகிராம்’ என்று ஒரு அமைப்பு, உறவினர் இல்லாத அகதிக் கோரிக்கையாளருக்குப் பிணை நிற்கும். குறித்த நாட்களில் வந்து முகம் காட்ட வேண்டும், வழக்குக்கு, வேலைக்கு, வீட்டுக்கு அவர்கள் வழி சொல்வார்கள். யூ.என்.எச்.சி.ஆருக்காக அலிஸ் எட்வர்ட்ஸ் 2011இல் எழுதிய ஆய்வில் அதன் கணக்கு இருக்கிறது: ஒருவருக்கு நாளுக்கு 10 முதல் 12 கனேடிய டொலர். அதே ஆளைத் தடுப்பில் வைத்தால் 179 டொலர். அந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 96 பேர் நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். அதற்கு முந்திய வருடம்தான் ‘சன் சீ’ கப்பலில் போய் இறங்கிய 492 தமிழரைக் கனடா மாதக்கணக்கில் அடைத்து வைத்தது. கைக்குள் மருந்தை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடிய கதை.

அவுஸ்திரேலியாவின் பிலோயீலாவில் இருந்த தமிழ்க் குடும்பத்தை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த தகப்பன், இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். 2018 மார்ச்சில் விடியற்காலையில் வீட்டிலிருந்து கொண்டுபோய், பிறகு கிறிஸ்மஸ் தீவில் அந்த ஒரு குடும்பத்தை மட்டும் காவலோடு வைத்தார்கள். மாட்டுப்பண்ணையும் நிலக்கரியுமாக இருக்கும் பிலோயீலாச் சிறுநகரத்து வெள்ளைக்காரர்கள் நான்கு வருடம் விடாமல் நின்று, 2022 ஜூனில் திருப்பிக் கூட்டிவந்தார்கள். எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நகரமே முகவரி எழுதிக் கொடுத்தது.

மூன்று நாள் இடைவெளி

2021 ஒக்ரோபரில் கனடாவுக்குப் போகப் புறப்பட்ட 89 ஈழத்தமிழரின் படகு இந்து சமுத்திரத்தில் பழுதாகி, பிரித்தானியர் அவர்களை டியேகோ கார்சியாத் தீவில் இறக்கினார்கள். இராணுவத் தளத்துக்குள் வேலியடைத்த ஒரு துண்டு நிலம். கூடாரம், எலி, காவல். மூன்று வருடம். 2024 டிசம்பர் 16ஆம் திகதி அந்தத் தீவு சேர்ந்த பிரித்தானிய ஆட்புலத்தின் உச்ச நீதிமன்ற நீதிபதி மார்கரெட் ஓபி தீர்ப்பளித்தார்: அது முகாம் இல்லை, சட்டவிரோதத் தடுப்பு.

தமிழ்ப் பத்திரிகைகள் அந்தத் தீர்ப்பை மகிழ்ச்சியோடு போட்டன. சரியாக மூன்றாம் நாள் முள்ளிவாய்க்காலில் ரோஹிங்கியாப் படகு. இராணுவத் தளம், வேலி, பழுதான படகு, வேறெங்கோ போகப் புறப்பட்ட மக்கள். ஆட்கள் மட்டும் மாறியிருந்தார்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனந்த விஜேபால இது ஆட்கடத்தல் என்றார். இன்னும் ஒரு இலட்சம் பேர்வரை வரக்கூடும் என்று உளவுத்தகவல் இருப்பதாகவும் சொன்னார். நாடு வங்குரோத்திலிருந்து எழும்பிக்கொண்டிருக்கிறது. 1951 அகதிகள் சாசனத்தில் இலங்கை கையெழுத்திடவும் இல்லை. 1948இன் குடிவரவுச் சட்டத்தில் அகதி என்ற ஆளே கிடையாது. சட்டத்தின் கண்ணுக்கு வந்தவர் விசா உள்ளவர் அல்லது இல்லாதவர். ஆட்கடத்தலைப் பற்றிய பயம் நியாயமானதே. ஆனால் கடத்தல் என்றால் படகில் இருந்தவர் கடத்தப்பட்டவர். அவரைப் பூட்டிவிட்டுக் கடத்தினவனைத் தேடுவது, களவு போன வீட்டுக்காரனை மறியலில் வைத்துவிட்டுக் கள்ளனைத் தேடுவது மாதிரி. கம்பியைப் பார்த்துப் பயந்து படகேறாமல் விடுவார்கள் என்று சொல்கிறவர்களுக்கும் எங்களிடம் பதில் உண்டு. மெனிக் பாமைப் பார்த்த மக்கள்தான் ‘சன் சீ’யிலும் ஏறினார்கள்.

இலங்கை அரசுக்கு வேறு வழி தெரியாது என்றும் இல்லை. 2022 டிசம்பரில் வடமராட்சி கிழக்கு வெற்றிலைக்கேணிக் கடலில் 104 ரோஹிங்கியாக்களைக் கடற்படை மீட்டது. மிரிஹானவில் கொஞ்சக் காலம் வைத்து வெளியே விட்டார்கள். யூ.என்.எச்.சி.ஆர் உதவியோடு பாணந்துறைப் பக்கம் வாடகை வீடுகளில் இருந்தார்கள். வீட்டுக்கு முகவரி, கையில் ஒரு அட்டை. அவர்களால் பாணந்துறையில் எந்தக் கலவரமும் வரவில்லை. அவர்களின் கஷ்டம் வேறு: வேலை செய்ய அனுமதி இல்லை, உதவித்தொகை நிற்கப்போகிறது என்ற பயம். 2024 கடைசியில் கொழும்பில் அதற்காகத்தான் ஆர்ப்பாட்டம் செய்தார்கள்.

பூந்தோட்டத்தையும் மறக்கக் கூடாது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தானிய அகமதியரையும் ஆப்கானியரையும் வீடுகளிலிருந்து துரத்தினார்கள். பொலிஸ் நிலைய வாகனக் கொட்டகைக்குள் படுத்திருந்த அவர்களில் ஒரு பகுதியினரை வவுனியாப் பூந்தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அதற்கு வவுனியாவில் எதிர்ப்பும் எழுந்தது. அதை மறைத்து எங்களை நல்லவர்களாகக் காட்டத் தேவையில்லை. தொண்ணூறுகளில் இடம்பெயர்ந்த வன்னிச்சனம் இருந்த பூந்தோட்டம், பிறகு தடுப்பில் இருந்தவர்களின் பூந்தோட்டம், பிறகு அகமதியரின் பூந்தோட்டம். அந்தப் பெயரை வைத்தவர் என்ன பூவைக் கண்டாரோ.

கேப்பாப்புலவில் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால், பெரிய மூளை தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு கிராம அலுவலர் இருக்கிறார். வயதானவர்கள் இன்னும் விதானையார் என்பார்கள். எந்த வீட்டில் யார் புதிதாக வந்து படுத்தார் என்பது அவருக்கு விடியமுன் தெரியும். இடம்பெயர்ந்தவர் பதிவு, நிவாரண அட்டை, மீள்குடியேற்றப் படிவம் என்று முப்பது வருடம் இதையே செய்து பழகிய அலுவலகங்கள் பிரதேச செயலகங்கள். முதல் சில நாள் ஆளடையாளம், வைத்தியப் பரிசோதனை. அதற்குத் திறந்த ஒரு தங்குமிடம். பிறகு குடும்பமாகப் பிரித்து வீடு, விதானையாரிடம் பதிவு, மாதம் ஒரு கையெழுத்து, பிள்ளைக்குப் பாடசாலை, வழக்கு எங்கே நிற்கிறது என்று அவர்கள் மொழியில் சொல்ல ஒரு ஆள். கடைசியில் சொன்னதைத்தான் எல்லா நாட்டிலும் மறந்துவிடுகிறார்கள். தன் காரியம் நடக்கிறது என்று தெரிந்த மனிதன் காத்திருப்பான். மெனிக் பாமில் எங்களைத் தின்றது பசியைவிட, ‘எப்ப விடுவாங்கள்’ என்ற கேள்விக்கு ஒருவரிடமும் பதில் இல்லாததுதான்.

காணிக்கே வழியில்லாத ஊரில் வந்தவனுக்கு எங்கே வீடு என்று இங்கேயே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நூறு பேருக்கு இருபது வீடு போதும். அதற்குக் குறுக்கே நிற்பது ரோஹிங்கியா இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும்.

2025 ஜனவரியில் முல்லைத்தீவில் மக்கள் பதாகையோடு தெருவுக்கு வந்தார்கள்: ரோஹிங்கியாக்களைத் திருப்பி அனுப்பாதே. மனித உரிமைகள் ஆணைக்குழு அதற்கு முதலே கேப்பாப்புலவுக்குப் போயிருந்தது. தடுப்பிடம் எதற்குள்ளும் நுழைந்து பார்க்க 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனாலும் டிசம்பர் 26ஆம் திகதி போன அதிகாரிகளைக் கேற்றில் மறித்தார்கள்; குடிவரவுத் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமாம். பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஒரு கிழமைக்கு முன் முள்ளிவாய்க்காலில் படகுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர்களை யாரும் கடிதம் கேட்கவில்லை. நந்திக்கடலைச் சுற்றி, வட்டுவாகல் பாலம் தாண்டி, வற்றாப்பளையால் வந்தால் அந்தக் கேற். கடிதம் கொழும்பிலிருந்து வர வேண்டும்.